ஆட்டுக்குக் காதில் வருத்தம் வந்தால் அது விழுவது ஏன்?

படுவான்கரையாள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் வீட்டு வளவிலேயே 11 ஆடுகள் வளர்க்கிறேன். சென்ற மாதம் ஒருநாள் காலையில், அவற்றுள் ஒரு மறியாடு தலையை இடப்பக்கம் சாய்த்தபடி நின்றது. இரவு படுத்த படுக்கையில் கழுத்துப் பிடித்துக்கொண்டதாக்கும் என்றே முதலில் நினைத்தேன். ஆனால் குழையைக் காட்டிக் கூப்பிட்டபோது, அது நேராக வராமல் இடப்பக்கமாகவே வட்டமிட்டு, இரண்டாவது சுற்றில் வேலியில் முட்டி விழுந்துவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் இடக்காது தொங்கிப்போயிருந்தது. இடக்கண்ணை மூட அதனால் முடியவில்லை. கண்மணிகள் இரண்டும் இடப்பக்கமாக மெல்ல நகர்வதும், பின்பு வெடுக்கென்று வலப்பக்கம் திரும்புவதுமாக ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன.

அயலவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்ணூறு என்றார் ஒருவர். காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடு என்றார் இன்னொருவர். மிருக வைத்தியர் வந்து, காதுக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்து, மணந்தும் பார்த்து, வருத்தம் உட்காதில் என்று சொல்லி அன்ரிபயோற்றிக் ஊசி போட்டார். ஆடு இப்போது தேறி வருகிறது.

என் கேள்வி வைத்தியத்தைப் பற்றியது அன்று. காது கேட்பதற்காக உள்ளது. அதில் வருத்தம் வந்தால் ஆடு செவிடாகலாம், விழுவானேன்? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகளிடம் கேட்டேன். நத்தைச்சுருள் கேட்பதற்கு, அரைவட்டக் கால்வாய்கள் சமநிலைக்கு என்று மூச்சுவிடாமல் ஒப்புவித்தாள். சம்பந்தமில்லாத இரண்டு வேலைகளை ஏன் ஒரே பொந்துக்குள் வைத்திருக்கிறது என்று கேட்டதற்கு, "அது சோதினையில் வராதம்மா" என்றாள். சோதினையில் வராத அந்த விடையை அறிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். வெளியில் காதே தெரியாத மீனும் இறாலும் எப்படிக் கேட்கின்றன, தண்ணீருக்குள் எப்படிக் கவிழாமல் இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்று.


பட்டியடி எழுதியது:

வணக்கம் அக்கா. நான் அம்பாறை மாவட்டத்தில் கால்நடைகளோடு வேலை செய்பவன். உங்கள் வைத்தியர் சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறார். தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் ஒரு சிறு குழாய் உண்டு. ஆட்டின் காதில் தொற்று ஏறுவதற்கு அது ஒரு வழி. காதுக்குள் குடியிருக்கும் சிற்றுண்ணிகள் செவிக்குழாயைப் புண்ணாக்கி வைப்பது மற்ற வழி. தொற்று நடுச்செவியோடு நின்றுகொண்டால் கேட்கும் திறன்தான் குறையும். அடுத்த சுவரையும் தாண்டி உட்செவிக்குள் இறங்கிய பிறகே தலை சாய்வதும் வட்டமிடுவதும் தொடங்குகின்றன. காது தொங்கியதற்கும் கண் மூடாமற்போனதற்கும் காரணம் வேறு. முகத்துத் தசைகளை ஆட்டுவிக்கும் நரம்பு நடுச்செவியை ஒட்டிய எலும்புப் பாதையால் போகிறபடியால், அங்கே வீக்கம் வந்தால் அதுவும் அமுக்குப்படுகிறது. மூட முடியாத கண் காய்ந்து புண்ணாகிவிடும். அதை ஈரமாக வைத்திருக்க வைத்தியரிடம் கட்டாயம் மருந்து கேளுங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வட்டமிடும் ஆடெல்லாம் காது வருத்தக்கார ஆடு அன்று. லிஸ்டீரியா என்ற பற்றீரியா மூளைத்தண்டில் பிடித்தாலும் ஆடு வட்டமிடும். ஆனால் அந்த ஆடு சோர்ந்து, எச்சில் வழிய, தீனைத் திரும்பிப் பாராமல் நிற்கும். காதில் மட்டும் வருத்தமுள்ள ஆடு சாய்ந்த தலையோடேயே தின்னும். நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் குடம்பி ஆட்டின் மூளைக்குள் நீர்க்கட்டியாக வளர்ந்தாலும் இதே வட்டந்தான், ஆனால் அது ஒரே இரவில் வராமல் மெல்ல மெல்ல முற்றும். எண்ணெய் விடும் கதையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். செவிப்பறை ஏற்கெனவே கிழிந்திருந்தால், விட்ட எண்ணெய் நேரே நடுச்செவிக்குள் போய்ச் சேரும்.

இரண்டு வேலைகள் ஏன் ஒரே பொந்துக்குள் என்பதைக் கல்லடி மாஸ்டர் வந்து சொல்லட்டும்.


கல்லடி மாஸ்டர் எழுதியது:

தங்கச்சி, உங்கள் மகள் சொன்ன விடையில் பிழையில்லை. கேள்விதான் அந்த விடையைவிட ஆழமானது. 31 வருடம் உயிரியல் படிப்பித்த எனக்கு இதைக் கேட்ட மாணவர்கள் இரண்டு பேர்தான் ஞாபகத்தில் இருக்கிறார்கள்.

கேட்பதும் சமநிலையும் சம்பந்தமில்லாத இரண்டு வேலைகள் என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. உட்செவிக்குள் உண்மையில் வேலை செய்வது ஒரே வகைக் கலம். அதன் உச்சியில் நுண்ணிய மயிர்கள் படிப்படியாக உயரம் கூடிக்கொண்டு போகும் வரிசையில் நிற்பதால் அதற்கு மயிர்க்கலம் என்று பெயர். அந்தக் கலத்துக்குச் சத்தம் என்றால் என்னவென்று தெரியாது, சாய்வு என்றாலும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: மயிர் எந்தப் பக்கம் வளைந்தது என்பது. உயரமான மயிரின் பக்கம் வளைந்தால் நுண்துளைகள் திறந்து, சுற்றியுள்ள திரவத்திலிருந்து பொற்றாசியம் அயன்கள் உள்ளே பாய, நரம்பில் துடிப்புக் கூடுகிறது. எதிர்ப்பக்கம் வளைந்தால் துடிப்புக் குறைகிறது. மயிரை வளைக்க எதனால் முடிகிறதோ அதை அறியும் உறுப்பாக அந்த இடம் ஆகிவிடுகிறது.

முதலில் அரைவட்டக் கால்வாய்கள். ஒரு சட்டியில் நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு வேப்பிலையை மிதக்கவிட்டு, சட்டியைச் சட்டென்று அரைச்சுற்றுத் திருப்பிப் பாருங்கள். சட்டி திரும்பும்; இலை நின்ற திசையிலேயே நிற்கும், ஏனென்றால் தண்ணீர் சட்டியோடு உடனே திரும்புவதில்லை. தலை திரும்பும்போது கால்வாய்க்குள் இருக்கும் திரவமும் அப்படியே பின்தங்கி, குறுக்கே நிற்கும் பாகுபோன்ற ஒரு மடலைத் தள்ள, அதற்குள் பொதிந்திருக்கும் மயிர்கள் வளைகின்றன. ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தான மூன்று தளங்களில் மூன்று கால்வாய்கள் இருப்பதால், தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றாவது அறிந்துவிடும். சட்டியைத் தொடர்ந்து சுற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீரும் கூடச் சுற்றத் தொடங்கும். அதன்பின் சட்டியை நிறுத்தினாலும் தண்ணீர் நிற்காது. சிறுபிள்ளைகள் தன்னைத்தானே சுற்றிவிட்டு நின்றதும் உலகம் சுற்றுவதாகச் சொல்வது இந்த மிச்ச ஓட்டத்தினால்தான்.

அடுத்து, கால்வாய்களின் அடியில் இருக்கும் இரண்டு சிறு பைகள். அங்கே மயிர்களின் மேல் பாகு படர்ந்து, பாகின் மேல் கல்சியம் காபனேற்றுத் துகள்கள் பதிந்திருக்கின்றன. தலையைச் சாய்த்தால் அந்தத் துகள்கள் தம் பாரத்தால் சரிந்து மயிர்களை இழுக்கின்றன. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போதும் நமக்குத் தெரிவது அவற்றின் தயவால்.

கடைசியாக நத்தைச்சுருள். அங்கே திரவத்தை அசைப்பது தலையின் திருப்பமன்று, செவிப்பறையிலும் மூன்று சிற்றென்புகளிலும் ஏறி வரும் ஒலியதிர்வு. மனிதனின் ஒரு நத்தைச்சுருளில் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. அடிப்பக்கம் உயர்ந்த மீடிறனுக்கும், அதாவது கீச்சென்ற ஒலிக்கும், உச்சி தாழ்ந்த மீடிறனுக்கும் அசைகிறது. இதைக் கண்டறிந்த கியோர்க் வொன் பேக்கசிக்கு 1961 இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் காதோடு அவர் விடவில்லை; யானையின் உட்செவி வரை ஆராய்ந்து பார்த்தார்.

இந்த மூன்றுக்கும் ஊடாக ஓடுவது ஒரே திரவம். மூன்றும் கருவில் ஒரே சிறு பையிலிருந்து முளைத்தவை. இவற்றுள் மூத்தது சமநிலை. நத்தைச்சுருள் என்பதே இல்லாத மீனிடம் கால்வாய்களும் பைகளும் ஒழுங்காக இருக்கின்றன. எலும்பும் மூளையும் இல்லாத சொறிமுட்டைகளிடம்கூட, கல் வைத்துச் சாய்வறியும் நுண்பைகள் விளிம்பில் உண்டு. ஆகவே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். கேட்கும் வீட்டுக்குள் சமநிலை வந்து ஒண்டிக்கொள்ளவில்லை. சமநிலையின் வீட்டில் கேட்டல்தான் பின்னர் ஓர் அறை கட்டிக்கொண்டது.

உங்கள் ஆட்டுக்கு நேர்ந்ததும் இப்போது விளங்கும். தலை அசையாதபோதும் இரண்டு காதுகளின் நரம்புகளும் சமமாகத் துடித்துக்கொண்டே இருக்கின்றன. மூளை பார்ப்பது அவற்றின் வித்தியாசத்தை. இடக்காது ஊமையானதும் வலக்காதின் துடிப்பு மட்டும் மிஞ்ச, தலை வலப்பக்கம் திரும்புகிறது என்று மூளை நம்பிவிடுகிறது. அந்த இல்லாத திருப்பத்துக்கு ஈடாகக் கண்களை மெல்ல இடப்பக்கம் நகர்த்தி, எல்லைக்கு வந்ததும் வெடுக்கென்று மீட்கிறது. நீங்கள் கண்மணியில் கண்ட ஆட்டம் அதுதான். அதைத் திசையோடு குறித்து எழுதியிருக்கிறீர்கள். என் செய்முறை வகுப்பில் அப்படி எழுதியவர்கள் குறைவு.

பாரிசில் பியர் புளோரன்ஸ் என்பவர் 1820களில் புறாக்களின் அரைவட்டக் கால்வாய்களை வெட்டிப் பார்த்தார். புறாக்களுக்குக் காது கேட்டது. ஆனால் அவை வெட்டிய கால்வாயின் தளத்திலேயே தலையை ஆட்டிச் சுழன்றன. காது கேட்பதற்கு மட்டுமே என்ற எண்ணம் ஆட்டங்கண்டது அங்கேதான். பாவம் அந்தப் புறாக்கள்.

மீனையும் இறாலையும் நாளைக்கு எழுதுகிறேன்.


தோணிக்காரன் எழுதியது:

மாஸ்டர், நீங்கள் வருவதற்கு முன் என்னிடமிருக்கும் ஒரு சரக்கைப் போட்டுவிடுகிறேன். சிறுவயதிலிருந்து வாவியிலும் முகத்துவாரத்துக்கு வெளியிலும் தொழில் செய்கிறவன் நான். கெளிற்று மீனின் தலையை ஆய்ந்தால் மண்டைக்கு அடியில், ஆளுக்கொரு பக்கமாக, வெள்ளை வெளேரென்று இரண்டு கற்கள் இருக்கும். பெரிய கெளிறென்றால் சின்னவிரல் நகமளவு வரும். ஒரு பக்கம் உருண்டு, மறுபக்கம் தட்டையாக, பிடித்துப் பார்த்தால் பீங்கான்போல வழுவழுப்பாக இருக்கும். எங்கள் அப்பம்மா அவற்றைக் கழுவி ஒரு போத்தலில் சேர்த்து வைத்திருந்தார். பிள்ளைகளுக்குக் காதுவலி என்றால் அந்தக் கல்லைக் காதடியில் வைத்துக் கட்டுவார். குணமானதோ இல்லையோ, அது மீனின் காதுக்கல் என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இறாலைப் பற்றியும் ஒன்று. தோல் கழற்றிய புதிதில் இறால் அத்தாங்கில் அகப்பட்டால், பஞ்சுபோலக் கிடக்கும். திரும்ப விட்டாலும் ஒழுங்காக நீந்தாது. தோல் இளசாக இருப்பதால் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். வேறு காரணமும் உண்டா?

பிறகு, பாடும் மீனைப் பற்றிக் கேட்காமல் மட்டக்களப்பான் எவனும் இந்த இழையை விட்டுப் போகமாட்டான். பறுவத்தன்று கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல்நுனியில் காதை வைத்தால் சத்தம் கேட்கும். காதை எடுத்தால் கேட்காது. துடுப்பில் அப்படி என்ன இருக்கிறது?


கல்லடி மாஸ்டர் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பம்மா சொன்னது சரிதான். அது மீனின் காதுக்கல்லேதான். நமது உட்செவியில் துகளாக இருப்பது மீனிடம் முழுக் கல்லாக இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று வீதம் ஆறு கற்கள். பெரும்பாலான மீன்களில் பெரிதாக இருப்பது ஒரு கல், கடற்கெளிறுகளில் பெரிதாக வளர்வது வேறொரு கல். அதனால்தான் உங்கள் போத்தல் கற்கள் அப்படி உருண்டு திரண்டிருக்கின்றன.

மீனுக்கு வெளிக்காதும் செவிப்பறையும் தேவைப்படாததன் காரணம் எளியது. மீனின் தசை ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தியே உள்ளது. எனவே தண்ணீரில் வரும் ஒலி மீனின் உடலில் முட்டித் தெறிக்காமல் ஊடுருவிப்போக, உடல் முழுவதும் தண்ணீரோடு சேர்ந்து அதிர்கிறது. கல் மட்டும் அதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தியானது. அது கூட அசையாமல் பின்தங்குகிறது. உடல் அசைந்து கல் பின்தங்கினால் இடையில் நிற்கும் மயிர்கள் வளையத்தானே வேண்டும்? அதே கல், மீன் சாயும்போது பாரத்தால் சரிந்து மேல்கீழையும் சொல்கிறது. கேட்டலும் சமநிலையும் ஒரே பொந்துக்குள் என்பதைத் தாண்டி, இங்கே ஒரே கல்லில் என்றாகிவிடுகிறது.

கெளிறுக்கு இன்னொரு வசதியும் உண்டு. காற்றடைத்த அதன் நீந்தற்பை ஒலியின் அமுக்கத்துக்குச் சுருங்கி விரிகிறது. அந்த அசைவை முன்முதுகெலும்புகளிலிருந்து உருவான ஒரு சிற்றென்புச் சங்கிலி உட்செவிக்குக் கடத்துகிறது. இதை 1820 இல் விவரித்தவர் எர்ன்ஸ்ட் வேபர் என்னும் ஜேர்மானியர். ஆகவேதான் கெளிறின் கூட்டம் மற்றப் பல மீன்களைவிட உயர்ந்த மீடிறனையும் கேட்கிறது. வலையிலிருந்து கழற்றும்போது அது கொர் கொர் என்று முனகுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதற்கும் அதே நீந்தற்பைதான் முழங்குகிறது. கல்லைக் குறுக்காக அறுத்துத் தேய்த்து உருப்பெருக்கியில் பார்த்தால் மரத்தின் வளையம்போல் வளையங்கள் தெரியும். இளம் மீன்களின் கல்லில் நாளுக்கொரு வளையம் படிகிறது என்று 1971 இல் பன்னெல்லா காட்டினார். மீன்வள ஆய்வாளர்கள் மீனின் வயதைக் கணிப்பது இந்தக் கல்லை வைத்துத்தான்.

இறாலின் கதை இதைவிடச் சுவையானது. அதன் சிறிய உணர்கொம்பின் அடிக்கணுவில் ஒரு குழி இருக்கிறது. அதற்குள் மயிர்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் கிடப்பது அதன் சொந்தக் கல்லன்று, தரையிலிருந்து அது உள்ளே போட்டுக்கொண்ட மணல். தோல் கழற்றும்போது குழியின் உட்தோலும் கழன்று மணலும் போய்விடும். இறால் புதிதாக மணல் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். வியன்னாவைச் சேர்ந்த அலோயிஸ் கிறைடல் 1893 இல், தோல் கழற்றிய இறால்களை மணலுக்குப் பதிலாக இரும்புத்தூள் போட்ட தொட்டியில் விட்டார். அவை அந்த இரும்பை எடுத்துத் தம் குழிக்குள் போட்டுக்கொண்டன. பின்பு மேலே ஒரு காந்தத்தைப் பிடித்தார். இரும்பு மேல்நோக்கி இழுபட, மேலே இருப்பதுதான் கீழ் என்று நம்பிய இறால்கள் மல்லாந்து நீந்தின. ஐம்பது பக்கம் எழுதி விளக்க வேண்டியதை ஒரு காந்தத்தால் காட்டிவிட்ட இந்தப் பரிசோதனையை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் தூங்கியதில்லை. ஆகவே, தம்பி, உங்கள் அத்தாங்கில் கிடந்த இறாலுக்குத் தோல் இளசு என்பது பாதிக் காரணம். மணல் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை என்பது மறுபாதியாக இருக்கலாம்.

துடுப்புக்கு வருவோம். தண்ணீருக்குள் பிறந்த ஒலி மேற்பரப்பில் காற்றைச் சந்திக்கும்போது ஏறக்குறைய முழுவதும் திரும்பி உள்ளேயே போய்விடும். அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே தப்பும். மரம் அப்படித் தடுப்பதில்லை. தண்ணீரின் அதிர்வு மரத்தில் ஏறி, மரத்திலிருந்து உங்கள் மண்டையோட்டில் இறங்கி, செவிப்பறையைச் சுற்றிக்கொண்டு நேரே உட்செவியைச் சேருகிறது. அந்த நேரத்துக்கு நீங்களும் மீனைப்போல எலும்பால் கேட்கிறீர்கள். பாடுவது யார் என்பது நம் ஊரின் பழைய வழக்கு. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1848 இல் நம் வாவியில் இரவில் தோணியேறிக் கேட்டுவிட்டு எழுதியபோது, மீனவர்கள் அவரிடம் காட்டிக்கொடுத்தது மீனையன்று, ஊரி என்ற நத்தையை. மீன் கட்சி, ஊரி கட்சி என்ற அந்த இரண்டு கட்சியும் பாலத்தடியில் இன்றைக்கும் உண்டு. நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். என் மனைவி ஊரிக் கட்சி.


வட்டைவாசி எழுதியது:

சேர், எங்கள் வயல் சாகாமத்துப் பக்கம். வேளாண்மை விளைகிற காலத்தில் இரவெல்லாம் பரணில் காவலிருப்போம். யானை பெருவிரலை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டுத் திரும்பிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காலால் கேட்கிறது என்று போடியார் சொல்லுவார். அவர் சொல்லும் மற்றக் கதைகளை வைத்துப் பார்த்தால் நம்பப் பயமாக இருக்கிறது. பாம்பைக் கட்செவி என்று நம் பழைய நூல்களில் சொல்லியிருப்பதையும் கொஞ்சம் விளக்குவீர்களா? கண்ணாலா கேட்கிறது?


கல்லடி மாஸ்டர் எழுதியது:

போடியாரை இந்த ஒரு விடயத்தில் நம்பலாம், ஆனால் அளவோடு. யானை முதலில் காதால்தான் கேட்கிறது, அதுவும் நாம் கேட்காத தாழ்ந்த ஒலியை. 1984 இல் கேற்றி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போட்லண்ட் நகர மிருகக்காட்சிச்சாலையில் ஆசிய யானைகளின் பக்கத்தில் நின்றபோது, காதில் ஒன்றும் கேளாமலே காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். பதிவு செய்து பார்த்ததில் அவை 14 முதல் 24 ஹேர்ட்ஸ் வரையான அழைப்புகள் என்று தெரிந்தது. மனிதக் காது 20 ஹேர்ட்ஸ் அளவில் கைவிட்டுவிடும். மேற்பக்கத்தில் யானை நம்மிலும் குறைவு. ஏறக்குறைய 10,500 ஹேர்ட்ஸோடு நின்றுவிடும், மாடோ 35,000 வரை போகும். தாழ்ந்த ஒலி காட்டு மரங்களுக்கிடையே அதிகம் தேயாமல் நெடுந்தூரம் போகிறது. அத்துடன் அது தரையிலும் பரவுகிறது. நமீபியாவின் எட்டோசாவில் கேற்லின் ஓ'கொனெல் என்பவர் யானைகளின் எச்சரிக்கை அழைப்பைத் தரைக்குள் மட்டும் அதிரவிட்டுப் பார்த்தபோது, அங்குள்ள ஆபிரிக்க யானைகள் நின்று, ஒடுங்கி, நெருங்கிக்கொண்டன. நுனிக்காலை ஊன்றி நிற்பதும் அப்போது காணப்பட்டது. நீங்கள் பரணிலிருந்து கண்டதும் அதுவாக இருக்கலாம்.

பாம்பு கண்ணால் கேட்பதில்லை. கண்ணுக்குப் பின்னால் ஓணானுக்குள்ள காதுத்துளை பாம்பிடம் இல்லாததைக் கண்ட முன்னோர், கேட்பதும் அந்தக் கண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டியிருக்கலாம். துளை இல்லையென்றது சரியான அவதானம். உட்செவி மட்டும் முழுதாக உள்ளே இருக்கிறது. அதைத் தொடும் சிற்றென்பு செவிப்பறைக்குப் பதிலாகத் தாடையெலும்பைப் பிடித்திருக்கிறது. தாடை தரையில் படிந்து கிடக்கும்போது தரையின் அதிர்வு நேரே உள்ளே ஏறும். இதில் நமக்கும் உறவுண்டு. நமது நடுச்செவியின் சுத்தியும் பட்டடையும், நம் மூதாதை ஊர்வனவின் தாடை மூட்டாக இருந்த எலும்புகள். 1837 இல் கார்ல் றைக்கேட் கருக்களை ஒப்பிட்டு அதைக் கண்டார். வரம்பில் நடக்கும்போது தடியை ஊன்றி நடக்கச் சொல்லும் பெரியவர்களின் பேச்சைக் கேளுங்கள். கூப்பிடுவதைவிட அது பாம்புக்கு நன்றாகக் கேட்கும்.


படுவான்கரையாள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மகளும் நானும் சட்டியில் தண்ணீர் விட்டு வேப்பிலைச் சோதனையைச் செய்தோம். மாஸ்டர் சொன்னபடியேதான் இருந்தது. பிறகு மகள், தான் எங்கோ பார்த்த ஒன்றென்று அடைக்குந்த கோழியைத் தூக்கிவந்தாள். உடலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மேலும் கீழும், வலமும் இடமும் அசைத்தாள். உடல் போகிறது, கழுத்து நீண்டு சுருங்குகிறது, தலையோ ஆணி அடித்ததுபோல நின்ற இடத்தில் நிற்கிறது. இத்தனை வருடம் கோழி வளர்த்தும் இதை நான் கவனித்ததில்லை. உட்செவி சொல்வதைக் கேட்டுக் கழுத்துத் தசை ஈடுகொடுக்கிறது, கண்ணும் அதற்கு உதவுகிறது என்று மகளே எனக்கு விளக்கினாள். இது சோதினையில் வருமா என்று நான் கேட்கவில்லை.

ஆட்டின் நிலை இதுதான். காது நிமிர்ந்துவிட்டது, கண்ணும் மூடுகிறது. பகலில் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் நேராக நடக்கிறது. ஆனால் இரவில் கொட்டிலில் லாம்பை அணைத்துவிட்டால் கால்களை அகட்டி வைத்துக்கொண்டு இடப்பக்கம் சரிகிறது, முந்தநாள் விழுந்தும்விட்டது. வருத்தம் திரும்புகிறதா? மிச்சமும் எப்போது குணமாகும்?


கல்லடி மாஸ்டர் எழுதியது:

தங்கச்சி, அடைகிடக்கும் கோழியைத் தூக்கி ஆட்டிய மகளின் துணிச்சலை முதலில் பாராட்டுகிறேன். அந்தக் கோழிக்கு வந்திருந்தால் இந்த வருத்தம் முழுவதும் மாறக்கூடும். பறவைகளின் உட்செவியில் அழிந்த மயிர்க்கலங்கள் திரும்ப முளைக்கின்றன. 1980களின் கடைசியில் கோழிக்குஞ்சுகளிலும் காடைகளிலும் அது நிரூபிக்கப்பட்டது. ஆட்டுக்கும் நமக்கும் பயன்படுமளவுக்கு அவை முளைப்பதில்லை. உங்கள் ஆடு நிமிர்ந்தது காது முழுவதும் குணமானதால் மட்டும் இருக்காது. இடக்காதின் ஊமைத்தனத்தை மூளை கணக்கில் எடுத்துப் பழகி, கண்ணையும் கால்களின் உணர்வையும் கொண்டு அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது. இருட்டில் கண் கைவிடுகிறது. அப்போது பழைய குறை வெளியே தெரிகிறது.


பட்டியடி எழுதியது:

மாஸ்டர் சொன்னதோடு ஒன்றுமட்டும், அக்கா. தீன் எடுக்கிறது, காய்ச்சல் இல்லை, கண்மணி துடிக்கவில்லை என்றால் வருத்தம் திரும்பியதாக எடுக்கத் தேவையில்லை. இவற்றுள் ஒன்று மாறினாலும் அன்றைக்கே வைத்தியருக்குச் சொல்லுங்கள். அதுவரை கொட்டிலில் ஒரு சின்ன வெளிச்சம் விடிய எரியட்டும். இடப்பக்கம் சுவரோ பலமான வேலியோ இருக்கும் மூலையில் அதைக் கட்டுங்கள். தரையில் வைக்கோலைத் தடிப்பாகப் போடாதீர்கள். கால் புதைந்தால் தரையின் உணர்வும் அதற்குத் தெரியாமற்போய்விடும். மாரி தொடங்கினால் கிணற்றடிக்கும் வாய்க்காலடிக்கும் மேய விடவேண்டாம். தண்ணீரில் விழுந்தால் எது மேல் எது கீழ் என்று அதற்கு இப்போது தெரியாது.